உரிமைக்குக் குரல் கொடுத்த தமிழவேள்

சிங்கப்பூர்த் தமிழர்கள் தமிழவேள் என்று அன்போடு அழைக்கும் கோ. சாரங்கபாணி, 1903ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் திருவாரூரில் பிறந்தார். 1924ஆம் ஆண்டு வேலை தேடிச் சிங்கப்பூருக்கு வந்தார். இங்கு ஒரு கடையில் கணக்கராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் இங்கிருந்த தமிழர்களுள் பெரும்பாலோர் துறைமுகத்திலும் நகராட்சியிலும் கூலிவேலை செய்தனர். சாதிப் பிரிவுகள் அவர்களைப் பிரித்து வைத்திருந்தன. குடிப்பழக்கமும் பல குடும்பங்களை வாட்டியது. இந்நிலையை மாற்ற விரும்பியவர்கள் 1932ஆம் ஆண்டு தமிழர் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினர். சாரங்கபாணி அதில் முன்னின்று உழைத்தார். 1935ஆம் ஆண்டு தமிழ் முரசு இதழ் பிறந்தது. அதன் விலை ஒரு காசுதான். எனவே தொழிலாளர்களாலும் அதை வாங்கிப் படிக்க முடிந்தது.

போருக்குப் பிறகு சிங்கப்பூர் பிரிட்டனின் தனிக் குடியேற்ற நாடாக ஆயிற்று. 1948ஆம் ஆண்டு நடந்த முதல் தேர்தலில், சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் 6 பேர் மட்டுமே. விவாதங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளியின் குறை அரசாங்கத்தின் காதுக்கு எட்டுவது எளிதாக இல்லை.

சாரங்கபாணி இதற்கு ஒரு வழி கண்டார். 1946ஆம் ஆண்டிலேயே இந்தியன் டெய்லி மெயில் என்னும் ஆங்கில நாளிதழைத் தொடங்கியிருந்தார். தமிழ் முரசு தமிழ் மக்களிடம் பேசியது. ஆங்கில நாளிதழோ, தமிழ் தெரியாத அதிகாரிகளும் படிக்கக்கூடியதாக இருந்தது. தனித்தனியாக இயங்கிய தமிழர் சங்கங்கள் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதற்காக 1951ஆம் ஆண்டு தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைந்தது. அடுத்த ஆண்டு, சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடும் தமிழர் திருநாள் தொடங்கியது.

அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை ஒன்றைத் தொடங்கும் பேச்சு எழுந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்று சிலர் கருதினர். இங்கு வாழும் இந்தியருள் பெரும்பாலோர் தமிழர்; ஆகவே தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று சாரங்கபாணி வாதாடினார். கோரிக்கை வைத்ததோடு அவர் நிற்கவில்லை. துறைக்குத் தேவையான தமிழ் நூல்களை வாங்க, தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரில் நிதி திரட்டினார். சிறுகச் சிறுகப் பணம் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு தொடங்கிய அத்துறையில் தமிழ் முதன்மை மொழியாக இடம்பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு மாறியது.

அரசாங்கத்திடம் வாதாடுவதைவிடத் தம் மக்களிடம் வாதாடுவது சில வேளைகளில் அவருக்குக் கடினமாக இருந்தது. 1957ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்தியாவில் பிறந்து இங்கு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் பதிந்துகொண்டால் குடிமக்கள் ஆகலாம். ஆனால், என்றாவது ஒரு நாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில் பலர் தயங்கினர். குடியுரிமை இல்லையேல் வாக்குரிமை இல்லை. வாக்குரிமை இல்லாதவர்களின் குறையை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள் என்பதைச் சாரங்கபாணி உணர்ந்திருந்தார். குடியுரிமை பெறுமாறு தொழிலாளர்களை அவர் தொடர்ந்து வற்புறுத்தினார்.

1965ஆம் ஆண்டு சிங்கப்பூர் தனி நாடானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் அதிகாரத்துவ மொழியாக நிலைபெற்றது. இது பலருடைய உழைப்பின் பயன். அவர்களுள் சாரங்கபாணிக்குச் சிறப்பான இடம் உண்டு. 1974ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இன்று லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்குவோர் பெயர்ப் பலகையில் தமிழையும் காண்கின்றனர். எண்ணிக்கையில் சிறிய சமூகமும் ஒன்றுபட்டு, காரணம் காட்டி, தன் பங்கையும் செலுத்திக் கேட்டால் அதன் குரல் எடுபடும் என்பதைத் தமிழவேளின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.