மண்ணை வாசித்த மார்டிமர் வீலர்



பழைய பொருளைத் தோண்டி எடுக்க எதுக்குப் படிப்பு, மண்வெட்டி பிடிச்ச அனுபவம் போதாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். வீலரைப் பற்றிப் படித்ததும் யோசித்தேன்.

மார்டிமர் வீலர் 1890-ல் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். இரண்டு உலகப் போர்களிலும் பட்டாளத்தில் இருந்தார். மனைவி டெஸ்ஸாவும் அவரும் லண்டனில் தொல்லியல் கல்வி நிலையம் அமைக்கப் பாடுபட்டார்கள். அது 1937-ல் திறந்தது. ஆனால் டெஸ்ஸா அதற்கு முந்தின வருஷமே இறந்துட்டார். பாவம்!

1944-ல் வீலர் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்தார். வந்ததும் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தினார். சுமார் 60 பேர் படித்தார்கள். சதுரம் சதுரமாகக் குழி வெட்டணும், நடுவில் மண்சுவரை விடணும், ஒவ்வொரு மண் அடுக்குக்கும் எண் போடணும். இதுதான் பாடம்.

பாண்டிச்சேரி பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1937-ல் அங்குள்ள சின்னப் பிள்ளைகள் பொறுக்கிய மணிகளை துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் வாங்கினார். ஒரு கல்லில் ரோமானிய அரசர் அகஸ்டஸ் முகம் இருப்பதாகச் சொன்னார்! பிறகு பயிற்சி இல்லாத சிலர் ஆர்வத்தில் தோண்டினார்கள். நிறையப் பொருள் கிடைச்சுது. எது எந்த அடுக்கில் கிடைச்சுது என்று சரியாக எழுதி வைக்கவில்லை.

1945-ல் வீலர் தோண்டினார். அரிட்டைன் என்னும் இத்தாலிப் பானை ஓட்டின் காலம் முன்பே தெரியும். அதே அடுக்கில் கிடைத்த நம்ம ஊர்ப் பானைக்கும் அதை வைத்துக் காலம் சொன்னார். 1960-களில் நம்ம திருச்சி உறையூரில் அகழாய்வு நடந்தபோது, அரிக்கமேட்டில் கிடைத்தது போன்ற ரௌலட்டட் ஓடுகள் இங்கேயும் கிடைத்தன.

வீலரும் தப்பு செய்தார். ரோமானிய வியாபாரத்தால்தான் அந்த ஊரே உண்டானது என்று நினைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டி, அதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததைக் காட்டினார்கள். வீலர் அடுக்கு அடுக்காக எழுதி, படம் வரைந்து வைத்திருந்ததால் அவர் சொன்னதைச் சரிபார்க்க முடிந்தது. குறிப்பே இல்லாமல் தோண்டினவர்கள் சொன்னதை யார் சரிபார்ப்பது? தோண்டின குழியைத் திரும்பத் தோண்ட முடியாதே!

வீலர் 1976-ல் தமது 85-வது வயதில் காலமானார்.

அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துப்ராய் வாங்கிய அரிக்கமேட்டு மணிகளைப் பொறுக்கியது பிள்ளைகள்தான். மண் மாறுவதை மண்வெட்டி பிடித்த கைதான் முதலில் உணரும். அதை உடனே எழுதி வைக்கத்தான் பயிற்சி வேண்டும்.

நமக்கும் வயலிலோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ பழைய ஓடு கிடைத்தால் தூக்கி எறியாதீங்க. எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று ஒரு தாளில் எழுதி, சமூக அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்க.