ஆங்கிலப் பள்ளியைச் சாடிய பாரதி 'ஷெல்லிதாசன்' ஆன கதை

மகாகவி பாரதியார் ஆங்கிலக் கல்வியைக் கடுமையாகச் சாடியவர் என்பது பலருக்கும் தெரியும். அதே பாரதியார் ஓர் ஆங்கிலக் கவிஞரின் மேல் கொண்ட பற்றால் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த இரண்டுக்கும் வேர் அவரது பள்ளிப் பருவத்தில் இருக்கிறது.

1882 டிசம்பர் 11ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தவர் சுப்பிரமணியன். வீட்டில் அழைத்த பெயர் சுப்பையா. ஐந்து வயதிலேயே தாயார் இலக்குமி அம்மாளை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயருக்கு மகனைப் பற்றிப் பெரிய கனவு இருந்தது. ஆங்கிலமும் கணிதமும் கற்று, மகன் நல்ல நிலைக்கு வரவேண்டும் என்று அவர் விரும்பினார். மகனின் மனமோ தமிழ்ப் பாட்டில் இருந்தது. பதினோரு வயதில் எட்டயபுரம் புலவர்கள் கூடிய அவையில் கவித்திறனைக் காட்டி, 'பாரதி' என்ற பட்டத்தைப் பெற்றார்.

பட்டம் பெற்ற கையோடு, 1894இல் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். அங்கு இந்துக் கல்லூரியின் பள்ளிப் பிரிவில் ஐந்தாம் படிவம் வரை படித்தார். நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் இருக்கும் வயதுதான் அது.

அந்த மூன்றாண்டுகள் அவருக்கு இனிக்கவில்லை. பின்னாளில், 1910இல் வெளிவந்த தம் சுயசரிதைக் கவிதையில் அந்தக் காலத்தை மிகுந்த கசப்போடு நினைவுகூர்ந்தார். ஆங்கிலம் என்ற மொழியின் மேல் அவருக்கு வெறுப்பு இல்லை. அதைக் கற்றுக்கொடுத்த முறையைத்தான் அவர் தாக்கினார். கவிதைகளை மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள், கவிஞனின் உள்ளம் அவர்களுக்கு எட்டவில்லை. அயல்நாட்டு வரலாறு தெரிந்தது, கம்பனும் இளங்கோவும் வள்ளுவரும் சேர சோழ பாண்டியரும் தெரியவில்லை. தந்தையின் பணம் செலவானதுதான் மிச்சம் என்பது அவரது ஆதங்கம்.

ஆனாலும் படிப்பை விட்டுவிட அவர் நினைக்கவில்லை. 1897இல், கல்வியைத் தொடர உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீன்தாருக்கு விண்ணப்பம் எழுதினார். அதைத் தமிழ்ச் செய்யுளிலேயே எழுதினார். அதே ஆண்டு செல்லம்மாளுடன் திருமணம் நடந்தது. தந்தை தொடங்கிய பருத்தி ஆலைத் தொழில் நொடித்துப்போக, மனமுடைந்த அவர் 1898இல் காலமானார். பதினைந்து வயதில் சுப்பையா ஆதரவற்று நின்றார்.

காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் அவரை அழைத்துக்கொண்டார். அங்கே சமஸ்கிருதமும் இந்தியும் கற்றார். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்விலும் தேறினார். திருநெல்வேலியில் கசந்த ஆங்கிலம் இப்போது வேறு முகம் காட்டியது. அடிமைத்தனத்தை எதிர்த்து விடுதலையைப் பாடிய ஷெல்லி அவரது மனத்தைக் கவர்ந்தார். பாடமாக வந்தபோது பிடிக்காத மொழி, ஒரு கவிஞனின் குரலாக வந்தபோது பிடித்துப்போனது.

எட்டயபுரம் திரும்பிய பிறகும் அந்தப் பற்று குறையவில்லை. 'ஷெல்லிதாசன்' என்ற பெயரில் எழுதினார். 1904 ஜூலையில் மதுரை 'விவேகபாநு' இதழில் அவரது 'தனிமை இரக்கம்' என்ற கவிதை அச்சேறியது. அடுத்த மாதம் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர் ஆனார். நவம்பர் வரைதான் அந்த வேலை.

அடுத்துச் சோறு போட்டது ஆங்கில அறிவு. ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய 'சுதேசமித்திரன்' நாளிதழில் துணையாசிரியராகச் சேர்ந்த பாரதியார், ஆங்கிலத்தில் வந்த செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் தமிழாக்கினார். உலக அரசியலை எளிய தமிழில் சொல்லும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது. பின்னர் 'இந்தியா' வார இதழை நடத்தியதோடு 'பாலபாரதா' என்ற ஆங்கில இதழிலும் பணியாற்றினார்.

1908இல் புதுச்சேரிக்குச் சென்ற பிறகு, மொழிபெயர்ப்பு இரு பக்கமும் நடந்தது. ஆண்டாள், நம்மாழ்வார் பாசுரங்களை ஆங்கிலத்தில் தந்தார். தாகூரின் சிறுகதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1914இல் 'பொன் வால் நரி' என்ற அங்கதக் கதையை ஆங்கிலத்திலேயே எழுதினார். ஒரு காலத்தில் தம்மை வாட்டிய மொழியிலேயே கேலி செய்து எழுதும் அளவுக்கு அதில் தேறியிருந்தார்.

இருந்தும், கல்வியைப் பற்றிய அவரது கருத்து மாறவில்லை. தேசியக் கல்வி பற்றி எழுதியபோது, பாடங்களைத் தாய்மொழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று உறுதியாகக் கூறினார். பிறநாட்டு நல்ல நூல்கள் தமிழுக்கு வரவேண்டும் என்றும் விரும்பினார். அதற்குப் பிறமொழி தெரிந்த தமிழர் வேண்டும்; அவர்களுக்குத் தமிழும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தபோது அவருக்கு வயது 38தான். ஆங்கிலமா, தமிழா என்று இன்றும் வீடுகளில் பெற்றோர் யோசிக்கிறார்கள். பாரதியார் இரண்டையும் கற்றார். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழருக்குத் தமிழில் கொடுத்தார்.