புளிப்பைத் தனியே பிரித்த மருந்துக்கடைக்காரர்



உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் உள்ள ஜாம் அல்லது குளிர்பான பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு, பெரும்பாலும் 330 என்ற எண் இருக்கும். அதுதான் சிட்ரிக் ஆசிட். எலுமிச்சையின் அந்தப் புளிப்பை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. கல்லூரிப் படியேறிப் பட்டம் வாங்காத மனிதர்.

1742 டிசம்பர் 9ஆம் தேதி ஸ்ட்ரால்சுண்டு நகரில் பிறந்தார். இன்று ஜெர்மனியில் இருக்கும் அந்த ஊர் அப்போது சுவீடன் ஆட்சியில் இருந்தது. தந்தை வியாபாரி. பதினோரு பிள்ளைகளில் இவர் ஏழாமவர். 14 வயதில் கோத்தன்பர்க் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழக அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்து மருந்துக்கடையில் மருந்தை அங்கேயே இடித்து, காய்ச்சி, வடித்துத் தயாரிப்பார்கள். அந்தப் பின்கட்டுதான் ஷீலேயின் பள்ளிக்கூடம். எட்டு வருஷம் அங்கே. பிறகு மால்மோ, ஸ்டாக்ஹோம், உப்சாலா என்று ஊர் ஊராகக் கடை மாறினார்.

அமிலத்தை அவர் பிரித்த விதத்தைக் கேளுங்கள். எலுமிச்சைச் சாற்றைச் சும்மா காய்ச்சினால் பாகு மாதிரி ஆகுமே தவிர, அமிலம் தனியே வராது. ஷீலே சாற்றைச் சூடாக்கி, சுண்ணாம்புக்கல் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். நுரை பொங்கும். எப்போது நுரை அடங்குகிறதோ, அப்போது புளிப்பு முழுவதையும் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது என்று கணக்கு. அடியில் தங்கிய வெள்ளை வண்டலைக் கழுவி எடுத்து, அதில் கந்தக அமிலத்தை விட்டார். சுண்ணாம்பு இப்போது கந்தக அமிலத்தோடு சேர்ந்து அடியில் படிந்துவிட, சிட்ரிக் ஆசிட் தண்ணீரோடு தங்கியது. அதை வற்றவைத்தால் படிகம். இது 1784இல்.

இதே வழியை அதற்கு முன்பே டார்டாரிக் அமிலத்துக்குக் கையாண்டிருந்தார். 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலம், 1785இல் ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலம். சர்க்கரையோடு நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி ஒரு அமிலம் எடுத்தார். சர்க்கரை அமிலம் என்றே அதற்குப் பெயர். பிறகு, புளியாரைக் கீரை வகையில் இருக்கும் ஆக்சாலிக் அமிலமும் அதுவும் ஒன்றே என்று அவரே நிரூபித்தார்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தேதியின் அருமை தெரியும். ஷீலேக்கு அங்கேதான் நஷ்டம். பிராணவாயுவை 1772 வாக்கிலேயே தயாரித்துவிட்டார். ஆனால் அவருடைய புத்தகம் அச்சாகி வந்தது 1777இல்தான். அதற்குள் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி அதே வாயுவைக் கண்டுபிடித்து வெளியிட்டும்விட்டார். நெடுங்காலம் பெயர் அவருக்கே போயிற்று.

ஷீலே அதற்காக வழக்காடிக்கொண்டிருக்கவில்லை. 1775இல், கடைப் பணியாளராக இருக்கும்போதே, சுவீடன் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அதே வருஷம் கோப்பிங் என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் இறந்து, இளம் விதவை கடையை வைத்துக்கொண்டு தவித்தார். கடையில் கடன் நிறைய இருந்தது. ஷீலே பொறுப்பேற்று, உழைத்துக் கடனை அடைத்தார். வேறு இடங்களிலிருந்து அழைப்பு வந்தும் போகவில்லை. பகலில் கடை, மீதி நேரத்தில் ஆராய்ச்சி.

ஒரு பழக்கம் மட்டும் அவருக்குக் கெடுதலாக இருந்தது. எதைத் தயாரித்தாலும் முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஆர்சனிக், பாதரசம் எல்லாம் கையாண்டவர். உடம்பு கெட்டதற்கு அதுவும் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். சாவதற்கு மிகச் சில நாட்கள் முன்பு, படுக்கையில் இருந்தபடியே அந்த விதவையைத் திருமணம் செய்துகொண்டார். கடையும் உடைமைகளும் தகராறு இல்லாமல் அந்த அம்மாளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. 1786 மே 21ஆம் தேதி காலமானார். வயது 43.

இன்று சிட்ரிக் ஆசிடுக்கு எலுமிச்சை தேவையில்லை. வெங்காயத் தோலில் கறுப்பாகப் படியுமே, அந்த வகைப் பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் அதுவே அமிலத்தைச் சுரக்கிறது. அமெரிக்காவின் ஜேம்ஸ் கர்ரி 1917இல் இந்த வழியை வெளியிட்டார். ஆனால் அந்தக் கரைசலிலிருந்து அமிலத்தைப் பிரிக்கப் பல ஆலைகள் கையாள்வது ஷீலேயின் அதே சுண்ணாம்பு, கந்தக அமில வழியைத்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சமையலறையில் இருக்கும் சிட்ரிக் ஆசிடும், தரையில் துருக்கறை போக்க வாங்கும் ஆக்சாலிக் ஆசிடும் பார்வைக்கு ஒரே மாதிரி வெள்ளைப் படிகங்கள். முதலாவது உணவில் சேர்ப்பது, இரண்டாவது விஷம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஷீலே பட்டது போதும்.