முட்டையில் புற்றுநோயின் மூலம் கண்ட போவரி

விலங்கியல் பயிலும் நாங்கள் தியோடர் போவரியை மரபியல் பாடத்தில், சட்டன் என்பாரோடு சேர்த்து ஒரே வரியில் கடந்து விடுகிறோம். பாரம்பரியம் குரோமோசோம்களில் உள்ளது என்று இருவரும் நிறுவினர். அதோடு பாடம் முடிகிறது. என்னைக் கேட்டால், அப்பேரறிஞர் புற்றுநோயைப் பற்றி எண்ணியதே அதனினும் பெரிது.

ஜெர்மனியில் பாம்பர்க் நகரில் 1862-ஆம் ஆண்டு பிறந்த போவரி, 1893 முதல் வூர்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர் அல்லர். இத்தாலியில் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தில் அவர் ஆராய்ந்தது கடல் முள்ளெலியின் முட்டைகளை!

ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணு புகுவதே இயல்பு. இரண்டு புகுந்துவிட்டால், செல் பிரியும்போது இரண்டு துருவங்களுக்குப் பதில் நான்கு அமைகின்றன. குரோமோசோம்கள் நாலாபுறமும் தாறுமாறாக இழுபட்டு, ஒரு செல்லுக்குக் கூடுதலாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேர்கின்றன. அத்தகைய கருக்கள் பெரும்பாலும் உருக்குலைந்து மடிந்தன. முட்டைகளைக் குலுக்கி, துருவங்களை மூன்றாகக் குறைத்துப் பார்த்தார்; நன்கு வளர்ந்தவை அதிகமாயின. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனிப் பணி உண்டு, சரியான சேர்க்கை குலைந்தால் செல் கெடும் என்று 1902-இல் முடிவு கட்டினார்.

புற்றுக்கட்டிகளில் செல்கள் இப்படி முறைகெட்டுப் பிரிவதை ஹான்சமன் என்ற நோயியல் அறிஞர் 1890-இலேயே கண்டிருந்தார். போவரி இரண்டையும் இணைத்தார். சேர்க்கை குலைந்தும் மடியாமல் தப்பிய ஒரு செல், பிரிதலைத் தடுக்கும் ஆற்றலை இழந்துவிட்டால் கட்டியாகப் பெருகும் என 1914-இல் நூலெழுதினார். கட்டிகளில் செய்த சோதனை எதுவும் அவர் கையில் இல்லை. முட்டையை நம்பியே அவ்வளவு துணிந்தார். மறு ஆண்டு அக்டோபரில், 53-ஆம் வயதில் காலமானார். அமெரிக்க உயிரியலறிஞரான அவர் மனைவி மார்செல்லா அந்நூலை ஆங்கிலப்படுத்த, 1929-இல் அது வெளிவந்தது.

ஒரு வகை இரத்தப் புற்றில் பெரும்பாலும் குறுகிய குரோமோசோம் ஒன்று இருப்பது 1960-இல் பிலடெல்பியாவில் தெரிய வந்தது. அம்மாறுதலின் விளைவைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து 2001-இல் வந்தது. ஆனால் பல புற்றுகளில் மாறுதல் ஒன்றோடு நிற்பதில்லை. பிரியும்தோறும் செல்கள் வேறுபடுகின்றன. மருந்துக்குப் பணியாத சில தப்பிப் பிழைத்து மீண்டும் பெருகுகின்றன. மருத்துவர்கள் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நிலையின்மையே நோயின் பலவீனமும் ஆகிறது. பி.ஆர்.சி.ஏ. மரபணு பழுதான செல், அறுந்த டி.என்.ஏ. இழைகளைச் செவ்வனே ஒட்ட இயலாமல், வேறொரு பழுதுபார்க்கும் வழியை நம்பி வாழ்கிறது. 2014-இல் சூலகப் புற்றுக்கு அனுமதிக்கப்பட்ட ஒலாபரிப் அந்த வழியையும் அடைக்கிறது. புற்றுச் செல் மடிகிறது. மாற்று வழியுள்ள நல்ல செல் பெரும்பாலும் பிழைக்கிறது.