எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்: ஆய்வுகூடத்தில் கிடைத்த இடம்

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 1883ஆம் ஆண்டு ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். நான்கு வயதில் தந்தையை இழந்தார். ஆசிரியையான தாய் மேரிதான் வளர்த்துப் படிப்பித்தார். வடக்கே படிக்கப் போன மகன் இரண்டாம் ஆண்டில் ஊர் திரும்பியபோது, ஒரு மணி நேரம் முன்னர்தான் தாயின் அடக்கம் முடிந்திருந்தது.

டார்ட்மத் கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவராக இருந்தபோதே, பேராசிரியர் வில்லியம் பாட்டன் அவரைத் தவளையின் வளர்ச்சி பற்றிய ஆய்வில் சேர்த்துக்கொண்டார். அதில் பிடித்த ஆர்வம் அவரை விடவில்லை. 1907இல் பட்டம் பெற்று, வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் பயின்ற ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1909 முதல் கோடை விடுமுறைகளில் வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுகூடத்தில், பிராங்க் லில்லியின் கீழ் கடற்புழுக்களின் முட்டைகளை ஆராய்ந்தார். முட்டை முதலில் எந்த வாக்கில் இரண்டாகப் பிளக்கும் என்பதை விந்தணு நுழையும் இடமே தீர்மானிக்கிறது என்று 1912இல் காட்டினார். 1916இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

அதன் பிறகும் வெள்ளையரின் பல்கலைக்கழகங்கள் அவருக்குப் பதவி தரவில்லை. 1929 முதல் நேப்பிள்ஸ், பெர்லின், பாரிஸ் என்று ஆய்வுக்காக அலைந்தார். 1940இல் பிரான்சைப் பிடித்த ஜேர்மனியர் அவரைத் தடுத்து வைத்தனர். விடுதலையாகி நாடு திரும்பியவர், 1941இல் 58ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார்.

புலம்பெயர்ந்த மண்ணில் படிக்கும் எம் பிள்ளைகளுக்கு நல்ல பெறுபேறு மட்டும் போதாது. முதலாம், இரண்டாம் ஆண்டிலேயே பேராசிரியர் ஒருவரை அணுகி, ஆய்வுகூடத்தில் ஒரு கோடைகால இடம் கேட்கட்டும். விடுமுறையில் அவர்களைக் கடை வேலைக்கு அனுப்புமுன் பெற்றோராகிய நாமும் இதை யோசிப்போம்.