தேர்தலில் நின்ற பத்திரிகை ஆசிரியர்

அமெரிக்காவில் நியூஹாம்ப்ஷயர் என்னும் ராஜ்யத்தில் 1811-ம் ஆண்டு, ஓர் ஏழை விவசாயியின் வீட்டில் பிறந்தார் ஹோரஸ் கிரீலி. கடன் தொல்லையால் தகப்பனார் நிலத்தை இழந்தார். மேலே படிக்க வசதி இல்லை. 15-வது வயதில் கிரீலி ஓர் அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்தார். எழுத்துக் கோத்துக்கொண்டே உலக விஷயங்களைக் கற்றார்.

1831-ல் நியூயார்க் நகருக்கு வந்தார். கையில் இருந்தது சுமார் 10 டாலர். தொழிலாளியாக இருந்து, சில ஆண்டுகளில் பத்திரிகை ஆசிரியர் ஆனார்.

குடிசையும் மாளிகையும்

1840-ல் ஜனாதிபதி தேர்தல் வந்தது. விக் கட்சியின் அபேட்சகர் ஜெனரல் ஹாரிசன். இந்தக் கிழவருக்கு ஒரு மரக்குடிசையும் ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் கொடுத்தால் போதும், பேசாமல் கிடப்பார் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது.

விக் கட்சியார் அந்தக் கேலியையே கொடியாகப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தலைவர் குடிசைவாசி, ஏழைகளின் தோழர் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். தேர்தலுக்காகக் கிரீலி நடத்திய வாரப் பத்திரிகைக்கு மரக்குடிசை என்றே பெயர்! அதில் பிரசாரப் பாட்டுகளை மெட்டோடு அச்சிட்டார். சுமார் 80,000 பிரதிகள் விற்றன. அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய விற்பனை.

உண்மையில் ஹாரிசன் பிறந்தது வர்ஜீனியாவில், பெரிய பண்ணை மாளிகையில். அவர் தகப்பனார் அங்கே கவர்னராக இருந்தவர். பிரசாரப் பாட்டில் அதையெல்லாம் யார் சொல்வார்கள்? ஹாரிசன் ஜெயித்தார்.

அடுத்த ஆண்டு கிரீலி தமது புகழ்பெற்ற நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையைத் தொடங்கினார். அடிமை முறையைக் கடுமையாகத் தாக்கினார். அவருடைய வாரப் பதிப்பைக் கிராமத்து விவசாயிகள் ஆவலோடு படித்தார்கள். 1860-ல் ரிபப்ளிகன் கட்சி மாநாட்டில், பழைய நண்பர் சீவர்டை எதிர்த்து வேலை செய்தார் கிரீலி. அந்த மாநாட்டில்தான் ஆபிரகாம் லிங்கன் அபேட்சகர் ஆனார்.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. தோற்ற தென்பகுதியின் தலைவர் டேவிஸ் விசாரணையே இல்லாமல் இரண்டு ஆண்டு சிறையில் கிடந்தார். 1867-ல் அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களில் கிரீலியும் ஒருவர். பகையை மறந்து நாடு ஒன்றாக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகச் சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். தைரியமான காரியம்தான்.

தொப்பியும் கோட்டும்

1872-ல் கிரீலியே ஜனாதிபதி தேர்தலில் நின்றார். எதிரே, பதவியில் இருந்த ஜெனரல் கிராண்ட். கிராண்ட் ஆட்சியில் ஊழல் மலிந்துவிட்டது என்று சொந்தக் கட்சியிலேயே ஒரு பிரிவினர் வெளியேறி, கிரீலியை நிறுத்தினார்கள். அவர் ஆயுள் முழுவதும் திட்டிவந்த டெமாக்ரடிக் கட்சியும் அவரையே ஆதரித்தது!

எதிர்ப் பத்திரிகைகளுக்கு இது போதாதா? ஹார்ப்பர்ஸ் வீக்லி என்ற வாரப் பத்திரிகையில் தாமஸ் நாஸ்ட் என்னும் சித்திரக்காரர் வாரந்தோறும் கிரீலியைக் கேலியாக வரைந்தார். வெள்ளைத் தொப்பி, தொளதொள கோட்டு, மூக்குக் கண்ணாடி. தமது பழைய பேச்சுகளையே கூழாகக் குடித்து வாய் சுட்டுக்கொள்வதாக ஒரு படம். லிங்கனின் சமாதிமேல், அவரைக் கொன்ற பூத்துடன் கை குலுக்குவதாக இன்னொரு படம். இது கேலியல்ல, அபாண்டம். படிக்கத் தெரியாதவனுக்கும் படம் புரியும். ஊழலைப் பற்றிய பேச்சு தொப்பிக்கும் கோட்டுக்கும் அடியில் மறைந்துபோயிற்று.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. வேறொரு படப் பத்திரிகையில் மாட் மார்கன் என்பவர் கிராண்ட்டைத் தாக்கி வரைந்தார். கிரீலி ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தாலும், டிரிப்யூன் அவருக்காகவே பிரசாரம் செய்தது. ஆனாலும் நாஸ்டின் படங்கள்தான் ஜனங்கள் மனத்தில் பதிந்தன.

தேர்தலுக்கு ஆறு நாள் முன்பு கிரீலியின் மனைவி இறந்தார். நவம்பர் 5-ந் தேதி ஓட்டுப் பதிவு. கிரீலிக்கு நூற்றுக்கு 44 ஓட்டுகள் கிடைத்தும், ஆறு ராஜ்யங்களில்தான் வெற்றி. டிரிப்யூனுக்குத் திரும்பினார். அங்கே நிர்வாகம் அவர் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. உடலும் மனமும் ஒடிந்து, நவம்பர் 29-ந் தேதி காலமானார். வயது 61. சவ அடக்கத்துக்கு ஜனாதிபதி கிராண்ட்டே வந்திருந்தார்.

அமெரிக்க முறைப்படி ராஜ்யங்களின் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டுத்தான் ஜனாதிபதி தேர்வு முடியும். அதற்குள் கிரீலி இறந்துவிட்டதால், அவர் தரப்புப் பிரதிநிதிகள் 66 பேரில் 63 பேர் வேறு ஆட்களுக்கு ஓட்டளித்தார்கள். மூன்று பேர் மட்டும் இறந்தவருக்கே போட்டார்கள். அந்த மூன்று ஓட்டுகளையும் அமெரிக்கக் காங்கிரஸ் கணக்கில் சேர்க்கவில்லை.