ஹாஜ்ஜா பாத்திமா அம்மையார்

சிங்கப்பூர் பீச் ரோடு பக்கம் போய்வரும் நம் சகோதரர்கள், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே சற்றே சாய்ந்து நிற்கும் மினாரா ஒன்றைக் கண்டிருப்பார்கள். பலர் அங்கே தொழுதும் இருப்பார்கள். அதுதான் ஹாஜ்ஜா பாத்திமா பள்ளிவாசல். 1845-46 ஆம் ஆண்டுகளில் வாணிபச் சீமாட்டி ஒருவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு எழுப்பிய அல்லாஹ்வின் இல்லம் அது. மனைவியாகவும், தாயாகவும், வணிகராகவும், ஏழைகளுக்கு உதவுவோராகவும் வாழ்ந்த அந்த அம்மையாரின் சரிதையை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

பாத்திமா அம்மையார் மலாக்காவில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். செலிபிஸ் தீவின் கோவா நாட்டைச் சேர்ந்த பூகிஸ் அரச குலத்தார் ஒருவரை மணந்தார். கணவருக்குச் சிங்கப்பூரில் வாணிபம் இருந்தது. ஆங்கிலேயர் 1819 இல் சிங்கப்பூரில் துறைமுகம் அமைத்த பிறகு இவ்வூர் வளர்ந்ததற்குப் பூகிஸ் வணிகர் ஒரு பெருங்காரணம். பருவக்காற்றை எதிர்பார்த்து ஆண்டுதோறும் அவர்களுடைய பாய்மரக் கப்பல்கள் கூட்டங்கூட்டமாகக் கம்போங் கிளாம் கரையை வந்தடையும். காப்பிக்கொட்டை, வாசனைச் சரக்கு, ஆமையோடு, தங்கப்பொடி, கைலி ஆகியவற்றை இறக்கிவிட்டு, துணிமணிகளும் இரும்புச் சாமான்களும் ஏற்றிச் செல்வார்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் துறைகளிலிருந்து நம் முன்னோர் வந்திறங்கிய காலமும் அதுவே. 1826 இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்கு அவர்கள் அடிகோலினார்கள். அதையடுத்துச் சில ஆண்டுகளில் நாகூர் தர்காவையும் எழுப்பினார்கள். ஆகவே அம்மையாரும் நம் முன்னோரும் ஒரே துறைமுகத்தில், ஒரே காலத்தில் வாணிபம் செய்தவர்கள் ஆவர்.

அம்மையாரின் மணவாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. கணவர் இளமையிலேயே காலமானார். கையில் ஒரு மகள். பெயர் ராஜா சித்தி. கடலிலே கப்பல்கள், கரையிலே கொடுக்கல் வாங்கல். இந்நிலையில் அம்மையார் கணவரின் வாணிபத்தைக் கைவிட்டுவிடவில்லை. தாமே பொறுப்பேற்று நடத்தினார். பல கப்பல்களுக்கும் தோணிகளுக்கும் உரிமையாளராகிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். புனித ஹஜ்ஜை நிறைவேற்றி ஹாஜ்ஜா என்னும் சிறப்பும் பெற்றார். நீராவிக் கப்பல்கள் வழக்கத்துக்கு வராத காலத்தில் இந்நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்குப் போவது எத்தனை மாதப் பயணம், எத்தனை துன்பம் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

செல்வம் சேர்ந்த வீட்டைத் திருடர் நாடுவது உலக வழக்கம். 1830 களில் அம்மையாரின் இல்லத்தில் இருமுறை கொள்ளை நடந்தது. இரண்டாம் முறை கொள்ளையர் வீட்டுக்குத் தீயும் வைத்துவிட்டார்கள். வீடு போயிற்று, பொருள் போயிற்று, ஆயினும் அல்லாஹ்வின் அருளால் அம்மையார் உயிர் தப்பினார்.

இப்படிப்பட்ட சமயத்தில் வியாபாரி ஒருவர் என்ன செய்வார்? நஷ்டத்தைக் கணக்கிடுவார். அதே மனையில் மறுபடி கட்டடம் எழுப்பி வாடகைக்கு விடுவார். அல்லது நல்ல விலைக்கு விற்றுவிட்டு வேறிடம் போவார். கடற்கரையை ஒட்டிய அந்த மனைக்கு விலை கிடைக்காமல் போயிருக்காது. அம்மையாரோ, போன பொருளுக்காக வருந்தாமல், நிலைத்த உயிருக்காக நன்றி செலுத்த விரும்பினார். தாம் வேறிடத்தில் குடியேறிக்கொண்டு, தமது வீடு நின்ற மனையைப் பள்ளிவாசலுக்கென்று ஒதுக்கினார். கட்டும் செலவையும் தாமே ஏற்றார். அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு வீடுகளும் கட்டிக் கொடுத்தார் என்று வரலாறு கூறுகிறது.

அப்பள்ளியின் அமைப்பிலேயே அன்றைய சிங்கப்பூரைக் காணலாம். மினாரா ஐரோப்பியரின் கோபுரத்தைப் போன்றது. சீன வேலைப்பாடும் மலாய் மரபும் கட்டடத்தில் கலந்துள்ளன. நிலம் மணற்பாங்கானதால் மினாரா ஏறக்குறைய ஆறு பாகை சாய்ந்துவிட்டது. தொழுகைக் கூடம் 1930 களில் புதுப்பித்துக் கட்டப்பட்டது. 1973 இல் சிங்கப்பூர் அரசு இப்பள்ளியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

தாய் என்ற முறையிலும் அம்மையார் குறை வைக்கவில்லை. மகள் ராஜா சித்தியை, அரபு வணிகர் சையிது அப்துர் ரஹ்மான் அல்சகாப் அவர்களின் புதல்வர் சையிது அகமதுவுக்கு மணமுடித்துக் கொடுத்தார். மருமகன் 1848 இல் அல்சகாப் கம்பெனியை நிறுவினார். பேரர் சையிது முகம்மது காலத்தில் அக்குடும்பத்தின் வாணிபமும் வக்புச் சொத்துக்களும் பெருகின. அப்பேரர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு 1912 இல் அல்சகாப் அரபு மதரஸா தோன்றியது. இன்று அது பெண்பிள்ளைகள் பயிலும் மதரஸாவாக விளங்குகிறது. பாட்டியார் போட்ட விதை பேரர் கையில் மரமாகி, இன்று நம் சமுதாயப் பெண்மக்களுக்கு நிழல் தருவதை எண்ணும்போது உள்ளம் பூரிக்கிறது.

அம்மையார் தாம் கட்டிய பள்ளியின் வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். மகளும் மருமகனும் அவர் அருகிலேயே நல்லடக்கமாகியுள்ளனர்.

இச்சரிதையை வாசித்துவிட்டு நாம் சும்மா இருந்துவிடலாகாது. நம்மில் எத்தனை பேர் வீட்டில், கடைக்கணக்கு மனைவிக்குத் தெரியும்? யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து என்ன வரவேண்டும் என்பது நம்மோடு கபுருக்குப் போய்விடுமானால், நம் மனைவி மக்கள் நாளைக்கு யார் வாசலில் போய் நிற்பார்கள்? ஊரில் மனைவியை வைத்துவிட்டு இங்கே கடை நடத்தி, திடீரென்று மௌத்தாகிப் போனவர்களின் குடும்பங்கள் பட்ட அல்லலை நாம் கேள்விப்பட்டதில்லையா? அம்மையார் கணவரின் தொழிலை நிமிர்த்திக் காட்டினார் என்றால், அத்தொழில் அவர் கைக்கு எட்டும்படி இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, தர்மம். வாணிபம் நன்றாக ஓங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிப்போடுகிறோம். அம்மையார் கொள்ளையும் தீயும் கண்ட பின்னரே கொடுத்தார். தம் வீடு நின்ற மனையையே கொடுத்தார். அவருடைய கப்பல்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்த மனையிலோ இன்றும் ஐவேளையும் பாங்கு ஒலிக்கிறது.

ஆகவே சகோதரர்களே, கணக்கை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். வசிய்யத்தையும் வக்பையும் உயிரோடிருக்கும்போதே எழுதி வையுங்கள். பீச் ரோடு பக்கம் போகும்போது அப்பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுது, அம்மையாருக்காகத் துஆச் செய்யுங்கள். வல்ல நாயன் அவர்களின் கபுரைப் பிரகாசமாக்கி வைப்பானாக! நம் பொருளிலும் நம் பெண்மக்களிலும் பரக்கத்தை நல்குவானாக! ஆமீன்.